இஸ்தோப்பை அடைக்கலாமா?

லயத்துக் காம்பராவின் முன்னே, தாழ்ந்த கூரையின் கீழ் ஒடுங்கிக் கிடக்கும் திறந்த இடத்தை நம் மலைநாட்டு மக்கள் 'இஸ்தோப்பு' என்கின்றனர். இச்சொல் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்ததன்று. ஒல்லாந்தர் வீட்டு வாயில் மேடையைக் குறிக்க வழங்கிய சொல், சிங்களத்தில் 'இஸ்தோப்புவ' எனத் திரிந்து, பின் தோட்டத்துக்கு ஏறிவந்து இஸ்தோப்பு ஆயிற்று. சொல் ஒன்றேயாயினும், காலிக் கோட்டையில் அவ்விடத்தை அடைக்க விரும்புவார்க்கு நேர்வது ஒன்று. டிக்கோயாவில் அடைக்க விரும்புவார்க்கு நேர்வது வேறொன்று.

முதலிற் காலியைப் பார்ப்போம். 1588இல் போர்த்துக்கேயர் அரணிட்ட இடத்தை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, மதில் எழுப்பி, தெருக்கள் வகுத்து ஒரு நகரமாக்கினர். 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கோட்டையைப் பேணுதற்கென 1994இல் காலி மரபுரிமை மன்றம் சட்டத்தால் அமைந்தது. அதனுள்ளே வீடுடையார் ஒருவர் வெளிப்புறத்தைத் திருத்த எண்ணினால், தாமே கொத்தனாரை அழைத்து வேலையைத் தொடங்கிவிட முடியாது. வரைபடம் கொடுத்து, தொல்பொருட் திணைக்களத்தின் இசைவும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளுக்கிணங்கிய அனுமதியும் பெறல் வேண்டும்.

ஆராய்வோர் எவற்றை நோக்குகின்றனர்? பெரும்பாலும் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிவனவற்றையே. கூரையின் சரிவு மாறுகிறதா? அரைவட்ட ஓட்டை இறக்கிவிட்டுத் தகடு போடக் கேட்கிறாரா? மரப் பலகணி போய் அலுமினியம் வருகிறதா? தண்ணீர்த் தொட்டி கூரைக்கு மேலே தலை நீட்டுகிறதா? எல்லாவற்றினும் மேலாக, தூண் வரிசையோடு தெருவை நோக்கியிருக்கும் இஸ்தோப்பைச் சுவர் வைத்து அடைக்கிறாரா? ஒரு வீட்டார் அடைத்தால் அவ்வீடு மட்டும் மாறுவதில்லை. அடுத்தடுத்துச் செல்லும் நிழல் வரிசையே அறுபட்டுப் போகிறது. தெருவின் முகம் தெருவுக்குச் சொந்தம் என்பது இவர்கள் கொள்கை.

சாந்து விஷயத்தில் இவர்கள் பிடிக்கும் பிடிவாதத்தைக் கண்டு சிலர் நகைப்பர். நகைக்க வேண்டியதில்லை. பழைய சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு எழுந்தவை. கடற்காற்றின் உப்பும் நிலத்தின் ஈரமும் அவற்றுள் ஏறத்தான் செய்யும். சுண்ணப் பூச்சு அவ்வீரத்தை மெல்ல வெளியே விடுகிறது. சீமெந்துப் பூச்சோ வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தேங்கிய உப்பு படிகமாகி, பூச்சைப் பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. வலிமை கருதிச் சீமெந்து பூசினவர், சில ஆண்டுகளிற் பழைய கல்லையும் இழக்கிறார்.

குறைகளும் உண்டு. சுண்ணமும் நல்ல மரமும் மலிவல்ல. தலைமுறைகளாய் வாழ்ந்த குடும்பங்கள் பல வீட்டை விற்று வெளியேற, வெளிநாட்டாரும் விடுதி நடத்துவோரும் வாங்கினர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கோட்டை வாயிலருகே மீளக் கட்டிய கிரிக்கெட் மைதானத்து மண்டபத்தைப் பற்றி உலக மரபுரிமைக் குழு வருந்தி எழுதவேண்டி வந்தது. சிறு வீட்டுக்காரனின் பலகணியை அளந்து பார்த்த கண்களுக்கு அம்மண்டபம் எப்படித் தப்பிற்றோ!

எனினும் காலியில் விண்ணப்பம் செய்வாரிடம் ஒன்று இருக்கிறது: வீட்டு உறுதி. தம் பெயரால் கேட்கிறார். மறுத்தால் காரணம் கேட்கிறார். இனி நம் மலைக்கு ஏறுவோம்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே இயல்பாகத் தொன்மைச் சின்னமாய்க் கொள்கிறது. பிற்பட்டவற்றைக் காக்க வேண்டுமாயின் தனியே கட்டளை பிறப்பித்தல் வேண்டும். டிக்கோயாவிற் கோப்பி நட்டதே அத்திகதிக்குப் பல பத்தாண்டுகள் கழித்து. 1878இல் எழுந்த வார்லி கற்கோயிலும், துரைமார் பங்களாக்களும், லயங்களும் அக்கோட்டுக்கு இப்பாலே நிற்கின்றன. பங்களாக்களுக்குக் குறையொன்றுமில்லை. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த சில, 2005 முதல் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளாகி, பழைய மெருகு குலையாமற் பேணப்படுகின்றன.

லயத்தின் கதை வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றிலே பெற்றோரும், மணமான மகனும், பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணும் வாழ்வதெங்ஙனம்? ஆதலால் இஸ்தோப்பைப் பலகையாலோ தகரத்தாலோ அடைத்து இன்னோர் அறையாக்கினர். அழகை அறியாமற் செய்ததன்று, இடமின்றிச் செய்தது. அதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஏனெனில் நான்கு தலைமுறை வாழ்ந்தும் கையில் உறுதி இல்லை. அனுமதியின்றிக் கட்டியது இடிபட்ட செய்திகளும் உண்டு. காலியில் அனுமதி கேட்பவர் உடையவர். இங்கே கேட்பவர் குடியிருப்பவர் மட்டுமே.

இந்நிலையில் லயங்களை மரபுச்சின்னம் என்று கூறி மக்களை அவற்றுள்ளேயே இருத்தச் சொல்வது கொடுமை. நாம் அதனைச் சொல்லவில்லை. ஏழு பேர்ச் காணியும் அதற்கு உறுதியும் தனிவீடும் வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தபோது திரண்டிருந்த மக்கள் எழுப்பிய ஆரவாரத்தின் பொருளும் அதுவே.

ஆயின் எல்லா லயமும் இடிந்தபின், பேரப்பிள்ளைக்கு எதைக் காட்டுவது? கம்பளைக்கு அண்மையில் 2007இல் பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அரும்பொருட்சாலையாக்கினர். டிக்கோயாவிலும் மக்கள் குடிபெயர்ந்து வெறுமையான லயமொன்றைத் தேர்ந்து, காலியில் நோக்குவது போலவே நோக்கித் திருத்தலாம். தகரக் கூரை தகரமாகவே இருக்கட்டும். புகை படிந்த சுவரை வெள்ளையடித்து மறைக்க வேண்டாம். இஸ்தோப்பைப் பற்றி மட்டும் நம் கருத்து காலிக்கு மாறானது. அடைத்த பலகைகளைப் பெயர்த்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவருதல் கூடாது. ஒரு காம்பராவிலேனும் அவை அப்படியே நிற்கவேண்டும். அவற்றை அடித்தவர் பெயரும் அடித்த ஆண்டும் தெரிந்தால் அருகே எழுதி வைக்கலாம்.