கடற்கரைப் பூங்காக்களில் மணல்மேடுகளுக்கு வேலி ஏன்?

கோடைக்காலத்தில் நம் நகரத் தமிழ்க் குடும்பங்கள் பல சாண்டி ஹூக், ஐலண்ட் பீச் மாநிலப் பூங்கா முதலிய நியூஜெர்சிக் கடற்கரைகளுக்குச் சென்று வருகின்றன. அங்கே கயிறு கட்டி மறித்த மணல்மேடுகளைக் கண்டு, பொதுமக்களுக்குரிய கரையில் இத்தடை எதற்கு என்று மன்ற அலுவலகத்தில் வினவுவோர் உண்டு. 2012 அக்டோபர் 29ஆம் நாள் இரவு நிகழ்ந்தவற்றை அறிந்தால் விடை எளிதில் விளங்கும்.

அன்று சாண்டிப் புயல் பிரிகன்டைன் நகருக்கு அருகே கரையைக் கடந்தது. முழுநிலவு நாளின் உயர் ஓதமும் உடன் சேர்ந்தது. நீர்மட்டம் உச்சத்தை எட்டும் முன்பே சாண்டி ஹூக்கிலிருந்த அளவுகருவி செயலிழந்தது.

நம் மாநிலக் கரையின் பெரும்பகுதி, நிலத்துக்கு இணையாக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் தீவுகளால் ஆனது. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் உப்பங்கழி. பெருநிலத்தின்மீது அலை நேரே மோதாமல் தடுப்பதால் இவற்றைத் தடுப்புத் தீவுகள் என்பர். இவை நிலையாக நிற்பவை அல்ல. புயல் வரும்போது கடல் முன்புறத்து மணலை வாரித் தீவின் பின்புறத்தில் எறிகிறது; சில இடங்களில் தீவையே அறுத்துக்கொண்டு கழியில் கலக்கிறது. தீவு இவ்வாறு சிறிது சிறிதாக உள்நோக்கி நகர்வது அதன் இயல்பு. அதன்மேல் சாலையும் வீடும் எரிவாயுக் குழாயும் இருக்கும்போதுதான் அவ்வியல்பு பேரிழப்பாக மாறுகிறது.

மான்டலோக்கிங்கில் அதுவே நேர்ந்தது. கடல் தீவைப் பிளந்து பார்னகட் கழியை அடைந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. 35ஆம் எண் நெடுஞ்சாலை அவ்வழியே செல்வதால் அந்தப் பிளவைச் சில நாட்களிலேயே மூடினர். நியூயார்க் மாநிலத்தின் ஃபயர் தீவிலும் அதனை அடுத்தும் மூன்று பிளவுகள் ஏற்பட்டன. இரண்டு மூடப்பட்டன. மூன்றாவது, 1980இல் கூட்டாட்சிச் சட்டத்தால் வனநிலமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் இருந்தது. அங்கே இயற்கையின் போக்கில் மனிதர் தலையிடுவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எனவே அதை மூடாமல் கண்காணித்தனர். கடல்நீர் புகுந்து வெளியேறியதால் அதனை அடுத்த கழிநீர் தெளிந்தது. ஜமைக்கா விரிகுடா வனவிலங்குப் புகலிடத்தில் நிலைமை வேறு. மேற்குக் குளத்தின் கரை உடைந்து நன்னீர்க் குளம் உப்புநீராயிற்று. அவ்வுடைப்பு 2017இல்தான் அடைக்கப்பட்டது.

ஒரே புயலின் விளைவை ஓரிடத்தில் உடனே சீர்செய்வதும் மற்றோரிடத்தில் விட்டுவைப்பதும் முரண்பாடாகத் தோன்றலாம். பறவைகளை நோக்கினால் காரணம் தெரியும். பைப்பிங் புளோவர் என்னும் சிறிய உப்புக்கொத்தி, செடியற்ற வெறும் மணலில் சிப்பித் துண்டுகளிடையே முட்டையிடும். 1986 முதல் கூட்டாட்சிப் பாதுகாப்புப் பெற்ற இனம் அது. ஃபோர்சைத் புகலிடத்தைச் சேர்ந்த ஹோல்கேட் முனையில் புயல் மேடுகளைத் தரைமட்டமாக்கிப் பரப்பிய மணல், அப்பறவைக்குப் புதிய கூடுநிலமாயிற்று. கூடுகட்டும் காலத்தில் அம்முனை ஆண்டுதோறும் மூடப்படுகிறது. முட்டையின் நிறமும் மணலின் நிறமும் ஒன்றே ஆதலால், மிதித்தவருக்கு மிதித்தது தெரியாது.

வீடுகள் உள்ள இடங்களில் மணல்மேடே அரண். அலைகள் குவித்த மணலுக்கு ‘எக்கர்’ என்று பழந்தமிழில் அழகிய சொல் உண்டு. வாசகர் தடுமாறலாகாது என்பதால் மணல்மேடு என்றே எழுதுகிறேன். அதன் மதிப்பு என்ன என்ற வினா நீதிமன்றம் வரை சென்றது. லாங் பீச் தீவின் ஹார்வி சீடர்ஸ் ஊரில், 22 அடி உயர மேடு எழுப்பத் தம் நிலத்தின் ஒரு பகுதியை இழந்த தம்பதியருக்கு, கடற்காட்சி மறைந்ததை முன்னிட்டு 3,75,000 டாலர் வழங்குமாறு ஜூரி கூறியது. 2013 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அதனை விலக்கி, மேடு அவ்வீட்டுக்கு அளிக்கும் பாதுகாப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. வழக்கு ஒரு டாலர் இழப்பீட்டில் சமரசமாக முடிந்தது! சட்டம் பயின்ற எனக்கு, அதுவரை காட்சியை மறைக்கும் பொருளாகவே பேசப்பட்ட மணலை வீட்டின் காவலாகவும் கண்ட தீர்ப்பாக அது தோன்றுகிறது.

அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது கடற்கரைப் புல்லின் வேர். பலர் நடந்தால் புல் மடியும்; புல் மடிந்த தடத்தில் காற்று மணலை அகற்றும்; அடுத்த புயலில் கடல் அத்தாழ்வான வழியே நுழையும். அலை நனைக்கும் கரை பொதுமக்களின் உடைமை என்பது இம்மாநிலச் சட்டம். அங்குச் செல்லும் உரிமைக்காக மணல்மேட்டை விரும்பிய இடத்தில் கடக்கலாம் என்பது பொருளன்று. குறியிட்ட நடைபாதையையே பயன்படுத்துக. குழந்தைகள் மேட்டில் ஏறிச் சறுக்காமல் பார்த்துக்கொள்க. நாயை அழைத்துச் செல்வோர், அக்காலத்தில் அனுமதி உண்டா என்பதைப் பூங்கா அலுவலகத்தில் முன்னரே கேட்டறிக. விதிகள் பூங்காவுக்குப் பூங்கா வேறுபடும்.