கார்டை அரிசி டின்னில் ஒளிக்காதீர்கள்

போன மாதம் பெரட்டு முடிந்ததும் ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். மகன் லாக்கப்பில். சிறுநீர்ச் சோதனையில் பிடிபட்டுவிட்டான்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க தலைவரே, மானம் போயிடும்."

"மானத்த அப்புறம் பாப்போம்க்கா, மொதல்ல வக்கீலப் பாப்போம்."

தோழர்களே, 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-வது பிரிவில், உட்கொண்டாலே குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை. கையில் வைத்திருந்தால் வேறு பிரிவு, தண்டனையும் கூடும். அதனால் எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல்கள் 2012 முதல் ஏழைகளுக்காக ரிமாண்டு கட்டத்திலேயே இலவசமாக வருகிறார்கள். ஸ்டேஷனிலேயே கேட்கலாம்.

அந்தப் பையன் ஹெராயினை விட, அரசாங்கக் கிளினிக்கில் மெத்தடோன் குடித்து வந்தவன். 2005-ல் தொடங்கிய திட்டம் அது. (ஷாபுவுக்கு இந்த மருந்து உதவாது.) நடுவில் ஒருநாள் பழைய கூட்டாளியோடு சேர்ந்து சறுக்கிவிட்டான். கிளினிக் கார்டு எங்கே என்றால், அரிசி டின்னுக்குள்! யாரும் பார்த்துவிடக் கூடாதாம். சிகிச்சையில் இருக்கிறான் என்று கோர்ட்டில் சொல்ல வக்கீலுக்கு வேண்டியதே அந்தக் கார்டுதான். லாக்கப்பில் மருந்து தவறினால் உடம்பு முறுக்கும், வாந்தி பேதியாகும். போலீசிடமும் உடனே காட்ட வேண்டும்.

இப்போது ஜாமீனில் இருக்கிறான். தினமும் காலையில் கிளினிக்குக்குப் போக மண்டோரிடம் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.