ஈரமும் புண்ணும்



புண்ணைக் காற்றுப்பட உலரவிட்டால் விரைவில் ஆறும் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. பொருக்குக் கட்டியதும் நாம் ஆறுதலடைகிறோம். இந்நம்பிக்கை சரியன்று என்பதை 1962ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். பன்றித் தோலில் ஏற்படுத்திய சிறு காயங்களுட் சிலவற்றை அவர் திறந்துவிட்டார். சிலவற்றைப் பொலித்தீன் தாளால் மூடினார். மூடப்பட்டு ஈரமாயிருந்த காயங்களிற் புதிய தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்ந்தது.

காரணம் யாது? புண்ணின் விளிம்பிலுள்ள தோற்கலங்கள் நகர்ந்து சென்றே புதுத்தோலை அமைக்கின்றன. ஈரப் பரப்பில் அவை எளிதாக நகரும். உலர்ந்த பொருக்கு இருந்தாலோ, அதன் அடியிற் குடைந்து வழிதேட வேண்டும்.

கடற்பாசியை நீரிற் காய்ச்சி ஆறவைத்தால், அது உறைந்து, நீர் சிந்தாமல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நுண்ணிய இழைகள் வலைபோற் பின்னி நீரைப் பிடித்து வைத்திருப்பதே இதன் இரகசியம். ஹைட்ரோஜெல் எனப்படும் காயக்கட்டும் இவ்வகையினதே. அது உலர்ந்த புண்ணுக்கு ஈரமளிக்கிறது. இறந்த தசையை இளக்குகிறது. கழற்றும்போது புதுத்தோலைப் பிய்ப்பதில்லை. நீர் மிகுதியாக வடியும் புண்ணுக்கு அது பொருந்தாது.

"ஈரம் கிருமிகளுக்கும் உகந்ததன்றோ?" என நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. நாட்பட்ட புண்ணிற் பற்றீரியாக்கள் வழுவழுப்பான படலமொன்றை உண்டாக்கி, அதனுள் மறைந்து வாழ்கின்றன. நீரிழிவு நோயாளரின் காலில் இரத்தவோட்டமும் குறைந்திருக்குமாயின், உட்கொண்ட மருந்து அவ்விடத்தைப் போதிய அளவிற் சென்றடைவதில்லை. எனவேதான் வெள்ளி, அயடீன் போன்ற கிருமிநாசினிகளை ஜெல்லினுள் அடக்கி, அவை புண்ணின்மீதே சிறிது சிறிதாகக் கசியுமாறு செய்கிறார்கள். இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைற்றோசன் என்னும் பொருளும் இதற்கென ஆராயப்பட்டு வருகிறது.

எனினும், இக்கட்டு எல்லாப் புண்ணையும் ஆற்றிவிடும் என எண்ணலாகாது. புண்ணைத் துப்புரவாக்குதல், சீழை அகற்றுதல், இரத்தத்திலுள்ள சீனியைக் கட்டுப்படுத்துதல் என்பனவே முதற்கடமைகள். கிருமி ஆழப் பரவியிருந்தால் உட்கொள்ளும் மருந்தும் இன்றியமையாதது.

நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய காலில் முள் தைத்தாலும் நோவு தெரியாது. ஆகவே நாள்தோறும் பாதங்களைப் பார்வையிடுங்கள். சிவப்பு, வீக்கம், துர்நாற்றம் எதனைக் கண்டாலும், நோவில்லையே என்று வாளாவிராது அன்றே வைத்தியரை நாடுங்கள். சிறு புண்ணிற் காட்டும் கவனமே காலைக் காக்கும்.