கையாற் செய்த ஒலிபெருக்கி

ஒலிக்கருவியைத் தாமே செய்வோர் காசை மிச்சம் பிடிக்கவே செய்கின்றனர் என்பார் உளர். 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியோ தடைப்பட்ட பொருள். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றினோம். டைனமோ தந்த 6 வோல்ற் ஆடலோட்டத்தை 4 டயோட்டுகள் நேராக்கின. கொள்ளளவி ஒன்று அதன் நடுக்கத்தைத் தணித்தது. கை ஓய்ந்தாற் செய்தியும் ஓயும். அதனைச் சிக்கனம் என்பதா, இன்பம் என்பதா? வேறு வழி இருந்ததில்லை.

இன்று வழி உண்டு. ஆயினும் சென்ற மாதம் ஒலிபெருக்கியொன்றை நானே பற்றாசு வைத்துப் பொருத்தினேன். “கடையில் வாங்கினால் இதிற் பாதிதானே முடியும்” என்றாள் இல்லாள். கணக்கு அவள் பக்கமே. முதனாள் நாதஸ்வரத்தோடு வண்டின் இரைச்சலும் எழுந்தது. மூன்று இரவுகள் தேடிப் புவித்தொடுப்பை மாற்றினேன், வண்டு அடங்கிற்று. அன்று அடுப்பை அணைத்துவிட்டு அவளும் வந்தமர்ந்தாள்.