காலணாக் கோபுரங்கள்

உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய நாணயமும் தபால்தலையும் விற்கிற கடையில், காஞ்சிபுரம் கோபுரப் படம் போட்ட நூறு வருஷத்து அஞ்சலட்டை ஒன்றைப் பார்த்தாராம். விலையைக் கேட்டதும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாராம். அதோடு விடவில்லை; ‘எங்கள் திருமுக்கூடலுக்கு இப்படி ஓர் அட்டை வந்திருக்குமா?’ என்று கேட்கிறார்.

இந்தப் பத்தியாளர் புரட்டிய தொகுப்புகள் எதிலும் பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் இல்லை. காஞ்சிவரை வந்த கேமரா பாலாற்றைத் தாண்டாமல் போனதற்குக் காரணம் உண்டு.

அஞ்சலட்டை 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்தது. இந்தியாவுக்கு 1879 ஜூலையில் வந்தது, விலை காலணா. அது வெற்று அட்டைதான். தனியார் அச்சிட்ட அட்டையில் தபால்தலை ஒட்டி அனுப்பலாம் என்று பிரிட்டன் 1894இல் அனுமதித்தது. அதற்குப் பிறகுதான் படம் போட்ட அட்டைக்கு யோகம் அடித்தது. சென்னையில் 1844 முதல் புத்தகம் விற்றுவந்த ஹிக்கின்பாதம்ஸும், வீலே அண்ட் க்ளைன் என்ற ஒளிப்பட நிலையமும் இந்த வியாபாரத்தில் இறங்கின. கடல் தாண்டிக் கொழும்பில் பிளேட்டே கம்பெனி இதே வேலையைச் செய்தது.

வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய், அதிகாரி, பாதிரியார், தோட்டத் துரை, கப்பலில் வந்திறங்கிய பயணி. அவர்கள் போகிற இடமெல்லாம் அட்டையாயிற்று: மாமல்லபுரத்து ரதங்கள், திருச்சி மலைக்கோட்டை, மதுரைப் பொற்றாமரைக் குளம், ஊட்டி ஏரி. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிக்குப் போகும் ரயில் பாலாற்றின் வடகரையோடு பழைய சீவரத்தில் நின்று போகிறது. திருமுக்கூடல் இருப்பது எதிர்க்கரையில். மணலில் இறங்கி நடந்து படமெடுத்தாலும், அதை வாங்க ஆள் வேண்டுமே! எது பார்க்கத் தக்க இடம் என்பதைச் சிற்பமோ வரலாறோ தீர்மானிக்கவில்லை. ரயில் நிலையத்தையும் கடைக் கல்லாவையும் கேட்டுத்தான் அது முடிவாயிற்று.

அச்சடித்த விதத்துக்கு வருவோம். படம் எடுத்தது இங்கே; அச்சானது பெரும்பாலும் ஜெர்மனியில். அந்தக் காலத்துத் தரமான அட்டைகளில் பல கொலோடைப் என்ற முறையில் அச்சானவை. தடித்த கண்ணாடிப் பலகையில் பொட்டாசியம் டைக்ரோமேட் கலந்த ஜெலட்டினைப் பூசி, இளஞ்சூட்டில் உலர்த்துவார்கள். இப்படி உலர்த்திய படலம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுருக்கங்களாகப் பிரியும். கோடையில் பாலாற்று மதகுப் பக்கம் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதைக் குண்டூசித் தலைக்குள் சுருக்கினால் எப்படியோ அப்படி. அதன்மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் பட்ட அளவுக்கு இறுகும். பிறகு மருந்தைக் கழுவிவிட்டு, கிளிசரின் கலந்த நீரில் பலகையை ஊற வைப்பார்கள். இறுகாத இடம் நீரைக் குடித்துக்கொண்டு எண்ணெய் மையை விலக்கும். இறுகிய இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். பாதி இறுகிய இடம் பாதி மையைப் பிடிக்கும். கோபுர நிழலில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு அப்படி வழுக்கிக்கொண்டு போகிற சாயைக்கு இதுதான் காரணம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். சிப்பாய்கள்போல வரிசை கட்டி நிற்கும் புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன், செய்தித்தாள் படத்தின் சாதி. வரிசையே இல்லாமல் புழு நெளிந்தாற்போல நுண்கோடுகள் தெரிந்தால் கொலோடைப். ஒரு பலகையில் ஆயிரம், மிஞ்சினால் இரண்டாயிரம் பிரதிதான் தேறும்; அப்புறம் ஜெலட்டின் நைந்துவிடும். பலகையில் கொஞ்சம் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் படம் கெடும். அப்படிப்பட்ட பொருளைத்தான் சில்லறைக் காசுக்கு விற்றிருக்கிறார்கள்.

வண்ணம் தனிக் கூத்து. படம் கறுப்பு வெள்ளை. நிறத்தை அச்சகத்தில் லித்தோ முறையில் மேலே ஏற்றுவார்கள். ஏற்றுகிறவர் தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்தவரில்லை. ஆகவே கோபுரம் எந்த நிறம், சேலை எந்த நிறம் என்பதெல்லாம் அவர் பாடு. பகலில் எடுத்த படத்தில் நீலத்தை ஏற்றி, ஒரு நிலாவையும் வைத்து ‘இரவுக் காட்சி’ என்று விற்பது அன்று உலகமெங்கும் நடந்த தந்திரம். ஆக, பழைய வண்ண அட்டையைக் காட்டி ‘அந்தக் காலத்தில் கோபுரம் இந்த நிறத்தில்தான் இருந்தது’ என்று சாதிக்கிறவரிடம் கொஞ்சம் நிதானிக்கச் சொல்லுங்கள். 1914இல் போர் மூண்டதும் ஜெர்மன் அச்சகங்களோடு தொடர்பு அறுந்தது. அந்த அச்சுத் தரம் திரும்ப வாய்ப்பது கடினமாயிற்று.

இந்த அட்டைகளை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2018இல் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தின் புரூனே காட்சியகத்தில், சென்னை, பெங்களூர் பட அட்டைகளை வைத்தே ஒரு கண்காட்சி நடந்தது. அமைத்தவர்கள் ஸ்டீபன் ஹியூஸ், எமிலி ஸ்டீவன்சன். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நமக்கும் இப்படிப்பட்ட அட்டைகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் நடப்பதைச் சொன்னால் வயிறு எரியும். தபால்தலைக்கு ஆசைப்பட்டு அட்டையின் மூலையைக் கத்தரிக்கிறார்கள். ஆல்பத்தில் கோந்து போட்டு ஒட்டி, பின்பக்கத்துக் கையெழுத்துக்குச் சமாதி கட்டுகிறார்கள். எல்லாவற்றையும் விடக் கொடுமை லேமினேஷன். ரேஷன் கார்டுக்குச் செய்கிற மரியாதையைப் பாட்டன் அட்டைக்கும் செய்துவிடுகிறார்கள். சூட்டில் உருகிய பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் பிரிக்க வழியே இல்லை. அட்டையின் காலத்தைச் சொல்வதே பின்பக்கம்தான். தபால்தலையில் விக்டோரியாவா, எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா. முத்திரையில் எந்த ஊர், எந்தத் தேதி. முகவரிக்கும் சேதிக்கும் நடுவே கோடு இருக்கிறதா? கோடு இல்லாவிட்டால் பெரும்பாலும் பழைய காலத்து அட்டை. அப்போது பின்பக்கம் முகவரிக்கு மட்டும், சேதியைப் படத்தின் ஓரத்து வெள்ளையில் நெருக்கி எழுத வேண்டும். பிரிட்டன் அந்தக் கோட்டை அனுமதித்ததே 1902இல்தான்.

திருமுக்கூடலில் படமெடுக்க என்ன இருந்தது என்று கேட்பவர்களுக்கு: பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டு. வேதம் படிக்கிற மாணவர்களுக்குச் சாப்பாடு, 15 படுக்கையோடு ஓர் ஆதுலர்சாலை (மருத்துவமனை), அதில் வைத்தியர், அறுவை செய்பவர், பணிப்பெண்டுகள், ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்பதுவரை அதில் வெட்டியிருக்கிறது. பொங்கலை ஒட்டிப் பார்வேட்டைக்கு வரும் காஞ்சி வரதரோடு சுற்றுவட்டாரப் பெருமாள்களும் இங்கே கூடுகிறார்கள். ரயிலடியிலிருந்து ஆற்றைக் கடக்கும் தூரம்தான்.

வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்துப் பழைய வீட்டுப் பரண்களில் யாரோ தாமாக எடுத்து அட்டைத் தாளில் அச்சுப் போட்ட திருமுக்கூடல் படம் கிடக்கலாம். அந்நாளில் ஒளிப்படத் தாளே அஞ்சலட்டை வடிவில் விற்றது. கிடைத்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து எடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அமிலமில்லாத காகித உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள்.