கோவிற்பற்றும் பங்குக் கிணறும்

இடம்பெயர்ந்து வாழும் ஒரு கமக்காரக் குடும்பத்திடம் ஊரைப் பற்றிக் கேட்டால், காணி எத்தனை பரப்பு என்பதை முதலிற் சொல்வார்கள். அடுத்துக் கிணற்றைச் சொல்வார்கள். அதற்கடுத்து, "பக்கத்திலே கொல்லன் பட்டறை, வடக்காலே செக்கு, வேலிக்கு அங்காலே பனங்கூடல்" என்று தொடர்வார்கள். காணியை மட்டும் சொல்லி யாரும் நிறுத்துவதில்லை. தோட்டக்காணி தனியே நின்று பயன் தந்ததில்லை என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

1990 யூன் மாதத்தின் பின் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் எமது மக்கள் வெளியேறினார்கள். 1996இல் பலர் திரும்பினார்கள். வலிகாமம் வடக்கில் 2009இன் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னமும் விடுபடாத காணிகளும் உண்டு. திரும்பியவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "காணி கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை." இந்தப் பேச்சின் பொருளை விளங்கிக்கொள்ள, எமது பாட்டன் பூட்டன் காலத்துக் கிராமம், அதாவது ஏறத்தாழ 1900 முதல் 1930 வரையான கிராமம், எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கோவிற்பற்று என்றால் என்ன?

பழைய காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணப் பகுதி, வலிகாமம் வடக்குப் பிரிவு, இன்ன கோவிற்பற்று, இன்ன ஊர் என்று இடம் குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் "கோவிற்பற்று" என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், குடாநாட்டைத் தேவாலயங்களை மையமாக வைத்துப் பிரித்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தரும் அதே பிரிவுகளைக் கையாண்டார்கள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற நான்கு பெரும் பிரிவுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கோவிற்பற்றுகள் இருந்தன. ஒல்லாந்தப் போதகர் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சாவகச்சேரி முதலிய கோவிற்பற்றுகளை விவரித்திருக்கிறார்.

கோவிற்பற்று அக்காலத்தில் வழிபாட்டுக்கு மட்டும் உரிய பிரிவாக இருக்கவில்லை. பள்ளிக்கூடமும் அங்கேதான். ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டதும் அங்கேதான். காணித் தோம்பும் அதன்படியே எழுதப்பட்டது. ஒல்லாந்தர் போனபின் பெரும்பாலான மக்கள் சைவ சமயத்தவராகவே வாழ்ந்தனர். ஆனாலும் கோவிற்பற்று என்ற பெயர் காணி உறுதிகளில் நிலைத்துவிட்டது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய தேவாலய வளவுகளிலேயே தம் பணியைத் தொடங்கினர். ஆகவே சைவர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி, எமது காணிகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் ஒரு விலாசம்.

தண்ணீர் முறை

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் ஊடாக இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அந்த நன்னீர், கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. அதை எடுக்கக் கல்லை உடைத்துக் கிணறு வெட்ட வேண்டும். அலவாங்கும் வெடிமருந்தும் கொண்டு செய்யும் பெருஞ் செலவான வேலை அது. ஒரு குடும்பத்தால் இயலாது. எனவே பலர் சேர்ந்து வெட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தபோது கிணற்றிலும் பங்கு பிரிந்தது. இவ்வாறுதான் பங்குக் கிணறுகள் பெருகின. உறுதிகளில் "பங்குக் கிணறும் வழிவாய்க்கால் பாத்தியதையும்" என்று எழுதப்படுவது இதனால்தான்.

இறைப்புக்குத் துலா இருந்தது. ஆடுகாலின் மேல் நீண்ட மரம் ஏற்றி, அதன் நுனியில் துலாக்கொடியும் பட்டையும் கட்டுவார்கள். ஒருவரோ இருவரோ துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கிணற்று வாயில் நிற்பவர் பட்டையைப் பிடித்துச் சரிப்பார். இன்னொருவர் தோட்டத்தில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். ஆகக் குறைந்தது மூவர் வேண்டும். இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று ஆள்மாறி இறைத்தார்கள். பங்குகாரர் ஒவ்வொருவருக்கும் முறைநாள் உண்டு. முறை தவறினால் பயிர் வாடும், வழக்கும் வரும்.

இந்த முறையில் மறைந்திருந்த ஒரு நன்மையை நாம் இன்றுதான் உணர்கிறோம். மனிதக் காலால் இறைக்கக்கூடிய தண்ணீருக்கு ஓர் எல்லை இருந்தது. 1950களில் இயந்திரங்கள் பரவியதும் அந்த எல்லை போய்விட்டது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து, அடியிலுள்ள உவர் மேலேறும். துலாவுக்கு இனி நாம் திரும்பப் போவதில்லை. ஆனால் முறைநாள் என்ற ஒழுங்கு இயந்திரத்துக்கும் பொருந்தும்.

புகையிலையும் பனையும்

வலிகாமத்துச் செம்மண்ணின் பெரிய பணப்பயிர் புகையிலை. மாரி ஓய்ந்ததும் கன்று நட்டு, நுனி முறித்து, சிம்பு ஒடித்து, வெட்டிய இலையைப் புகைக்குடிலில் இட்டுப் பதப்படுத்துவார்கள். நல்ல இலை சிப்பமாகக் கட்டப்பட்டுத் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது.

ஒரு சிப்பத்தின் பின்னால் எத்தனை கை இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்துக்குப் பசளையாக மாட்டெருவும், பூவரசு முதலிய மரங்களின் குழையும், பழைய கூரையிலும் வேலியிலும் கழித்த ஓலையும் போயின. இரவில் ஆட்டுப்பட்டி அடைத்துப் பசளை சேர்த்தார்கள். புகை போடத் தென்னம் பொச்சும் பனை ஊமலும் வந்தன. சிப்பம் கட்டும் பாயைப் பெண்கள் பனையோலையில் இழைத்தனர். துறைமுகம் வரை வண்டிக்காரர் ஏற்றிச் சென்றார். அதற்கப்பால் தோணிக்காரர். ஒருவர் நின்றால் மற்றவர் தொழிலும் நின்றுவிடும்.

பனை இதனினும் பெரிய கதை. ஓலை கூரைக்கும் வேலிக்கும் பாய் பெட்டிக்கும், மரம் வளைக்கும் துலாவுக்கும், கருப்பநீர் பனங்கட்டிக்கு, பழம் பனாட்டுக்கு, பாத்தியில் முளைத்த கிழங்கு ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும். நெல் பொய்த்த ஆண்டுகளில் ஏழைக் குடும்பங்களைத் தாங்கியது ஒடியற் கூழ்தான்.

பட்டறையும் செக்கும்

கொல்லர் மண்வெட்டி, அலவாங்கு, கொழு, கத்தி அடித்தார். தச்சர் கலப்பையும் துலாவும் வண்டியும் செய்தார். வண்டிச் சில்லு செய்ய இருவரும் சேர வேண்டும். தச்சர் குடமும் ஆரக்காலும் சுற்றுவட்டமும் பொருத்தி முடிப்பார். கொல்லர் அந்தச் சுற்றளவுக்குச் சிறிது குறைவாக இரும்பு வளையம் செய்து, நெருப்பிலிட்டு விரியச் செய்து, சில்லின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்ளும். அளவு சற்றுப் பிசகினால் வளையம் கழன்றுவிடும், அல்லது மரம் நெரிந்துவிடும்.

செக்கில் எள்ளும் தேங்காயும் ஆட்டி எண்ணெய் எடுத்தனர். பிண்ணாக்கு மாட்டுக்கும் தோட்டத்துக்கும் போனது. குயவர் பானை சட்டி வனைந்தார். சுன்னாகம், சங்கானை, சாவகச்சேரிச் சந்தைகளில் இவையெல்லாம் கைமாறின. கூலி பெரும்பாலும் காசாக இருக்கவில்லை. அறுவடைக் களத்தில் நெல்லாகவும், விசேட நாட்களில் சோறும் வேட்டியுமாகவும் கொடுக்கப்பட்டது.

மறக்கக்கூடாத ஒன்று

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் எழுத மாட்டோம். தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும் குடிமை வழக்கம் தொடர்ந்தது. கிணறு வெட்டியவருக்கே அந்தக் கிணற்றில் அள்ள உரிமை இல்லாத ஊர்கள் பல இருந்தன. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டுமென்று 1929இல் பணிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது, பாடசாலைகள் எரிக்கப்பட்டன.

இந்த அநீதியின் நிழல் இடம்பெயர்விலும் விழுந்தது. காணி உள்ளவர் உறுதியைக் காட்டி உரிமை கேட்கலாம். பரம்பரையாகப் பிறர் காணியில் குடியிருந்து தொழில் செய்தவருக்குக் காட்ட எந்தக் கடதாசியும் இல்லை. நலன்புரி முகாம்களில் ஆக நீண்ட காலம் தங்க நேர்ந்தவர்களுள் காணியற்ற குடும்பங்களே அதிகம். ஊர் திரும்ப வேண்டுமானால் அவர்களும் திரும்ப வேண்டும். பழைய குடிமைக்குள் அல்ல, சம உரிமையோடு.

காலம் மாறியது

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடியது. 1905இல் கொழும்புடன் பாதை இணைந்தது. வெங்காயமும் மாம்பழமும் தெற்கே போயின. தகரமும் சீமெந்தும் ஆலைத் துணியும் வடக்கே வந்தன. படித்த இளைஞர் மலாயாவுக்குச் சென்று காசு அனுப்பினார்கள். காணி விலை ஏறியது. 1911இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. திருவிதாங்கூர்ச் சந்தை ஆட்டங்கண்டபோது, 1930களில் புகையிலைச் செய்கையாளர் ஐக்கிய வியாபாரச் சங்கம் அமைத்து ஒன்றாக விற்றனர். பழைய பிணைப்புத் தளர்ந்த இடத்தில் சங்கம் என்ற புதிய பிணைப்பைத் தாமாகவே கட்டினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இதே மாற்றம் பிற நாடுகளிலும் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் பார்ன்ஹாம் என்ற சிறு பட்டினத்தில் ஜோர்ஜ் ஸ்ரேட் என்பவர் 1884இல் தன் தந்தையின் வண்டிப் பட்டறையைப் பொறுப்பேற்றார். மோட்டார் வாகனம் வந்து அத்தொழில் மறைவதைக் கண்ணாற் கண்டார். எந்த மரம் எந்த உறுப்புக்கு, எத்தனை ஆண்டு உலர வேண்டும் என்று வேலையாட்களின் கைக்கு மட்டும் தெரிந்திருந்தவற்றை எழுதி 1923இல் நூலாக்கினார். அவர் எழுதியிராவிட்டால் அந்த அறிவின் பெரும்பகுதி அவரோடு போயிருக்கும்.

அங்கே ஒரு தலைமுறைக்கு மேலாக நடந்த மாற்றம் அது. எமக்கோ ஓரிரவில் நடந்தது.

நாம் இப்போது செய்யக்கூடியவை

ஊர் என்பது எவற்றால் ஆனது என்று பார்த்தோம். அதை மீளக் கட்ட விரும்பும் குடும்பங்கள் முதியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு.

1. ஒரு கொப்பி எடுத்துக் காணியின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு தோட்டத்தறைக்கும் கலட்டிக்கும் வளவுக்கும் பெயர் உண்டு. அத்துடன் கோவிற்பற்று, ஊர், பரப்பு, குழி ஆகியவற்றையும் குறியுங்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். வரகுப் பரப்பில் பதினெட்டுக் குழி ஒரு பரப்பு.

2. நான்கு எல்லைகளிலும் அன்று யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். வேலியும் கதியாலும் அழிந்த இடத்தில் அயலவரின் ஒத்த நினைவே எல்லைக்கல்.

3. கிணற்றில் உங்கள் பங்கு எவ்வளவு, முறைநாள் எது, வாய்க்காலும் பாதையும் யார் காணியூடாகச் சென்றன என்று எழுதுங்கள். ஏனைய பங்குகாரர் இப்போது எங்கே என்றும் எழுதுங்கள். சிலர் கனடாவில் இருக்கலாம். கிணற்றைக் கலக்கி இறைக்கவோ கட்டைத் திருத்தவோ அவர்களின் சம்மதம் தேவைப்படும்.

4. உறுதி தொலைந்திருந்தால் மனம் சோர வேண்டாம். நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். காணிப் பெயர், ஊர், நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவை தெரிந்தால் தேடுவது எளிது. பிறப்பு, விவாகப் பதிவுகளும் ஆலயப் பதிவேடுகளும் நீங்கள் எந்த ஊரவர் என்பதைக் காட்ட உதவும்.

5. தொழிலையும் எழுதுங்கள். துலாக் கட்டியவர், சில்லுக்கு வளையம் இறக்கியவர், புகைக்குடிலில் நின்றவர், பாய் இழைத்தவர், எல்லோரிடமும் கேளுங்கள். காணியில்லாக் குடும்பங்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள். ஊரில் அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு ஏடு இல்லாமல் இருக்கலாம்.

இந்த வேலைக்குப் பணம் தேவையில்லை. ஒரு பின்னேரமும் ஒரு பேரப்பிள்ளையின் எழுத்தும் போதும். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஊர் என்பது பெரியோர் வாயில் வரும் ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்குள் கிணறும், முறைநாளும், பட்டறையும், அயலும் இருந்தன என்பதை அந்தப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். நாளை காணி திறக்கும்போது எல்லை எது, கிணறு யாருடையது என்று சொல்ல ஒருவராவது இருப்பர்.