துருத்தியும் கரியும்: வீட்டுக் கராஜில் முதல் டேர்போ

கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதப் பழகும் சிறுவனுக்கு முதலிற் கற்பிக்கப்படும் பாடம், துருத்தியை எவ்வளவு வேகமாக ஊதலாம் என்பதன்று. ஊதுகின்ற காற்றுக்குத் தக்க கரி உலையில் இருக்கிறதா என்று பார்ப்பதே அப்பாடம். கரி குறைந்த உலையிற் காற்றை மிகுத்தால், இரும்பு பதமாகக் காய்வதற்குப் பதிலாகச் செதில் செதிலாகக் கருகிக் கெடும். மோட்டார் வண்டியின் இயந்திரத்துக்கு டேர்போ பூட்டி அதன் வலுவைப் பெருக்க எண்ணுவோரும் முதலிற் கற்க வேண்டிய பாடம் இதுவே.

டேர்போ என்பது யாது? இயந்திரத்தில் எரிந்து வெளியேறும் சூடான வாயு வீணே புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. அவ்வாயுவின் பாதையில் ஒரு சிறு சுழலியை வைத்தால், அது மிகுந்த வேகத்துடன் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி என்னும் பொறியியலாளர் இக்கருத்துக்கு 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். கழிவிலிருந்து வலுவை மீட்கும் இவ்வழி கப்பல்களிலும் விமானங்களிலும் பாரவண்டிகளிலும் பயன்பட்டு, பின்னர் சிறு மோட்டார் வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால், டேர்போ தருவது காற்று மட்டுமே. எரிபொருளை அது தருவதில்லை. பெற்றோல் முற்றாக எரிவதற்கு, ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று நிறையளவில் வேண்டும். டேர்போவின் அழுத்தத்தில் முழு வலுவுடன் ஓடும் இயந்திரத்துக்கோ இதனினும் செறிந்த கலவை தேவை. ஒரு பங்கு பெற்றோலுக்குப் பதினொன்றரை முதற் பன்னிரண்டு பங்கு காற்று என்பதே பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவு. மிகுதியாகச் செலுத்தப்படும் பெற்றோல் ஆவியாகும்போது கலவையைக் குளிரச் செய்து காப்பாற்றுகிறது.

இவ்வளவு குறைந்தால் நேர்வது என்ன? இயல்பாகத் தீப்பொறி பிறந்த இடத்திலிருந்து தீ சீராகப் பரவிச் செல்லும். சூடும் அழுத்தமும் வரம்பு மீறும்போது, தீ சென்று சேருமுன்னரே எஞ்சிய கலவை தானாகவே ஒருசேரப் பற்றி வெடிக்கும். இதனைத் தொழிலாளர் ‘நொக்’ என்பர். இந்த அடி தொடர்ந்து விழுந்தால் பிஸ்ரனின் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடையும். அதன் தலை துளைபடவுங் கூடும். ஓட்டுபவன் அபாயத்தை உணர்ந்து காலை எடுப்பதற்குள் இயந்திரம் அழிந்துவிடலாம். வேலைக்குச் சென்று வருவதும் அதே வண்டியில் என்றால், அவன் இழப்பது இயந்திரத்தை மட்டுமன்று.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தை எளிதிற் கற்றுவிடவில்லை. 1962ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெற்பயர் என்னும் டேர்போ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தின் வலு 215 குதிரைவலு. அமுக்க விகிதம் 10.25க்கு 1. டேர்போ இயந்திரத்துக்கு இவ்விகிதம் மிக உயர்ந்தது. ஆகவே, நொக் வராமற் காக்க, நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து, கலவையோடு தெளிக்குமாறு அமைத்தனர். திரவம் தீர்ந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் பாதுகாப்பும் இருந்தது. எனினும், தொட்டியை நிரப்ப மறந்தோர் பலர். வலுக் குறைந்துவிட்டதென்று முறையிட்டோரும் பலர். 1963ஆம் ஆண்டு மாதிரியுடன் அவ்வண்டி நின்றுபோயிற்று. பல வண்டிகளிலிருந்து டேர்போ கழற்றப்பட்டுச் சாதாரண காபுரேற்றர் பூட்டப்பட்டது. காற்றைத் தள்ளும் கருவி அங்கே பழுதுபடவில்லை. காற்றுக்குத் துணையாக வேண்டிய ஏற்பாடே மனிதரின் மறதிக்கு இடங்கொடுத்துவிட்டது.

வீட்டுக் கராஜில் முதன்முறையாக டேர்போ பூட்டுவோர் விரும்பி எடுத்துக்கொண்ட வண்டிகளுள் ஒன்று, 1989ஆம் ஆண்டு சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டா எம்.எக்ஸ். 5. அமெரிக்காவில் அது மியாற்றா என்று பெயர் பெற்றது. முதல் வண்டிகளின் 1.6 லீற்றர் இயந்திரம் அங்கு 116 குதிரைவலு தந்தது; அதன் அமுக்க விகிதம் 9.4க்கு 1. இவ்வியந்திரத்தைக் கொண்டு ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம்.

கடல் மட்டத்தில் வளியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். டேர்போ அதன்மேல் 7 இறாத்தல் கூட்டினால், உட்செல்லும் காற்று ஏறக்குறைய அரைப்பங்கு கூடும். அமுக்கப்பட்ட காற்றின் சூட்டால் வரும் இழப்பைக் கழித்து, வலு 165 ஆகுமென்று கொள்வோர் உளர். டேர்போ பூட்டிய பெற்றோல் இயந்திரம் ஒரு குதிரைவலுவை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 270 கிராம் பெற்றோல் எரிக்கும். எனவே, 165 குதிரைவலுவுக்கு மணிக்கு 45 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 60 லீற்றர் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லீற்றர்! நான்கு சிலிண்டருக்கும் பகிர்ந்தால், ஒவ்வோர் இஞ்செக்ரரும் நிமிடத்துக்கு 250 கன சென்ரிமீற்றர் பாய்ச்ச வேண்டும். இஞ்செக்ரர் இடைவிடாது திறந்தே கிடத்தல் ஆகாது. முழு நேரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கே அது திறந்திருக்கலாம் என்பது வழக்கமான எல்லை. ஆதலால், 310 கன சென்ரிமீற்றருக்குக் குறையாத இஞ்செக்ரர் தேவைப்படும். வண்டியோடு வந்தவையோ 200ஐச் சற்றே தாண்டியவை.

சிறிய இஞ்செக்ரரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். இயந்திரம் நிமிடத்துக்கு 7,000 முறை சுழலும்போது, இரண்டு சுழற்சிகள் கொண்ட ஒரு முழு வினைவட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் மட்டுமே. அந்நேரத்துக்குள் பாய்ச்ச முடியாததை எந்தக் கணினியாலும் பாய்ச்ச இயலாது.

இக்குறையை நிரப்புவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பெற்றோலின் அழுத்தத்தை உயர்த்துவது. டேர்போவின் அழுத்தம் ஓர் இறாத்தல் ஏறும்போது பெற்றோலின் அழுத்தத்தைப் பல இறாத்தல் ஏற்றும் ஒரு சீராக்கி குழாயிற் பொருத்தப்படும். 1990களில் இவ்வண்டிக்கு விற்கப்பட்ட டேர்போத் தொகுதிகளில் இது பரவலாக இடம்பெற்றது. கணினியைத் தொட வேண்டியதில்லை, விலையும் குறைவு. ஆனால் பாய்ச்சல், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். பாய்ச்சலை ஒன்றரை மடங்காக்க, அழுத்தத்தை இரண்டேகால் மடங்காக்க வேண்டும். பாய்ச்சலை இரு மடங்காக்கவோ நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்பின் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். இவ்வழி மிகச் சிறிய அழுத்தத்துக்கு உதவும். ஆசை வளரும்போது கைவிட்டுவிடும். தீப்பொறியின் வேளையைத் திருத்துதற்கு இன்னொரு தனிக் கருவியும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, வண்டியின் கணினியை அப்படியே வைத்துக்கொண்டு, உணரிகளுக்கும் அதற்கும் இடையே ஒரு சிறு கருவியை அமர்த்துவது. இக்கருவி உணரிகள் அனுப்பும் செய்தியைத் திருத்திக் கணினிக்குச் சொல்லும். குளிர்காலத்தில் இயக்குவது, நின்ற இடத்தில் ஓடுவது முதலிய அன்றாட வேலைகள் பழைய கணினியின் பொறுப்பிலேயே இருப்பது இதன் நன்மை. கணினிக்குப் பொய் சொல்லி உண்மையான வேலை வாங்குவது இதன் குறை. 1.6 லீற்றர் மியாற்றாவில் காற்றை அளப்பது ஒரு தட்டுக் கதவு. காற்று தள்ளும் அளவுக்கு அது திறக்கும். முழுவதும் திறந்தபின் அதற்குமேல் வரும் காற்றை அறிய அதற்கு வழியில்லை. டேர்போ காற்றைக் கூட்டுவதோ அந்த எல்லைக்கு அப்பாலேயே.

மூன்றாவது வழி, கணினியையே மாற்றிவிடுவது. புதிய கணினி உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, இயந்திரத்தின் சுழற்சி ஆகியவற்றைக் கொண்டு காற்றைக் கணித்து, பெற்றோலையும் தீப்பொறியையும் தானே ஆளும். இத்தகைய கணினி ஒரு காலத்திற் பந்தயக்காரருக்கே எட்டும் விலையில் இருந்தது. 2001ஆம் ஆண்டில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்னும் இரு அமெரிக்கர் மெகாஸ்குவேட் என்ற கணினியை உருவாக்கினர். அதன் உறுப்புகளை வாங்கி வீட்டிலேயே ஈயப்பற்று வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். முதலில் அது பெற்றோலை மட்டுமே ஆண்டது. தீப்பொறியை ஆளும் திறன் பின்னர் சேர்ந்தது.

ஆயினும், புதிய கணினி ஒன்றும் அறியாத குழந்தையைப் போன்றது. எந்தச் சுழற்சியில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு பெற்றோல், எவ்வேளையில் தீப்பொறி என்று கட்டங்கட்டமாக அட்டவணை எழுதிக் கொடுக்க வேண்டும். அதே வகை வண்டி வைத்திருக்கும் இன்னொருவனின் அட்டவணையை இரவல் வாங்கி அப்படியே ஓட்டுவது, அயலவனின் மூக்குக் கண்ணாடியை அணிந்து தெருவைக் கடப்பதற்கு ஒப்பாகும். இஞ்செக்ரர் வேறு, டேர்போ வேறு, பெற்றோலுங்கூட வேறு. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் உயர்தரப் பெற்றோலின் ஒக்ரேன் எண் 93. கலிபோர்னியாவிற் பொதுவாகக் கிடைப்பது 91. அங்கே நலமாக ஓடிய அட்டவணை இங்கே நொக் உண்டாக்கலாம். இரவல் அட்டவணை இயந்திரத்தை உயிர்ப்பித்து எழுப்புவதற்கு மட்டுமே உதவும்.

அட்டவணையைச் சீர்செய்வதற்குக் கண் வேண்டும். பழைய வண்டியோடு வந்த ஒட்சிசன் உணரி, கலவை 14.7க்கு மேலா கீழா என்று மட்டுமே திட்டமாகச் சொல்லும். எவ்வளவு கீழ் என்று சொல்லாது. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றரைக்கும் உள்ள வேறுபாடே வாழ்வுக்கும் அழிவுக்கும் உள்ள வேறுபாடாக இருக்கும் இடத்தில் அது குருடு. ஆகையால், விரிந்த எல்லையில் அளக்கும் உணரி இன்றியமையாதது. டேர்போவுக்குப் பணம் ஒதுக்குமுன்னரே இதற்கு ஒதுக்குதல் வேண்டும்.

வேலையின் ஒழுங்கும் முக்கியமானது. முதலில் இயந்திரம் நலமாக உள்ளதா என்று நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்க வேண்டும். பின்பு பெரிய இஞ்செக்ரர், பம்பு, கணினி, உணரி ஆகியவற்றைப் பூட்டி, டேர்போ இல்லாமலே வண்டியைச் சீராக ஓட்டிப் பழக வேண்டும். அவ்வாறு செய்தால், பின்னர் ஒரு பிழை தோன்றும்போது அது எதனால் வந்தது என்பது தெளிவாகத் தெரியும். அதன்பின் டேர்போவைச் சேர்த்து, மிகக் குறைந்த அழுத்தத்தில், செறிந்த கலவையுடனும் பிந்திய தீப்பொறியுடனும் தொடங்க வேண்டும். ஒவ்வோர் இறாத்தல் அழுத்தத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை தீப்பொறியைப் பிந்தச் செய்வது தொழிலாளரின் பழைய வழக்கு. அது தொடக்கத்துக்கு உரிய அளவேயன்றி முடிவன்று. ஒவ்வோர் ஓட்டத்தின் பதிவையும் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி முன்னேற வேண்டும். முழு வலுச் சோதனையைப் பொதுத் தெருவிற் செய்யாது, டைனமோமீற்றர் உருளைகளின்மேல், அனுபவமிக்க ஒருவரின் துணையோடு செய்வதே முறை.

இதிலிருந்து தெரிவுக்கான ஒரு நெறியும் கிடைக்கிறது. விளம்பரத்தில் மிகுந்த சிறப்புகள் கொண்ட கணினி முதற் கட்டுமானத்துக்குச் சிறந்தது என்பதில்லை. அருகிலுள்ள சீர்செய்வோர் அறிந்தது எதுவோ, கட்டுபவன் நூலை வாசித்துத் தானே விளங்கிக்கொள்ளக் கூடியது எதுவோ, அதுவே சிறந்தது. சட்டத்தையும் முன்கூட்டியே அறிதல் நன்று. அமெரிக்காவின் தூய வளிச் சட்டம், வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பை அகற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடுக்கிறது. கலிபோர்னியாவில் வெளியிலிருந்து வாங்கிப் பூட்டும் இத்தகைய தொகுதிக்கு மாநில வளி வாரியத்தின் அனுமதி எண் வேண்டும்.

வீட்டுக் கராஜில் முதன்முறை டேர்போ கட்டும் இளைஞன் பெரும்பாலும் பளபளக்கும் டேர்போவை முதலில் வாங்கிவிடுகிறான். பெற்றோலுக்கும் தீப்பொறிக்கும் உரிய செலவைக் கையில் மிஞ்சியதைக் கொண்டு சமாளிக்க முனைகிறான். இவ்வொழுங்கைத் தலைகீழாக மாற்றுபவனே வெற்றி பெறுகிறான். கரி எவ்வளவு உண்டென்று பார்த்தபின் துருத்தியில் கை வைப்பவனுக்கு உலை பணிந்து வேலை செய்யும். அவன் காலையில் எழுந்து வேலைக்குப் போகவும் வண்டி இருக்கும்.